ஜெட் நம்பர் கேட்டு எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மண் டிராக்கில் ஓட்டுவதற்காக மாற்றிய ஆர்எக்ஸ் 100 பைக். எக்ஸ்பான்ஷன் சேம்பர் போட்ட சைலன்சர். ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு டூ-டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுகிறீர்கள். காலையில் இரண்டாவது உதையில் பிடித்துக்கொள்கிறது. கால் மணி நேரம் ஓடிய பிறகு மேல் வேகத்தில் மிஸ்ஸிங் தொடங்கி, சட்டென்று நின்றுவிடுகிறது. டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால் எதுவுமே நடக்காததுபோல ஓடுகிறது. இதற்குள் கார்பரேட்டரை மூன்று பேர் பிரித்துப் பார்த்துவிட்டார்கள், மெயின் ஜெட் இரண்டு முறை மாறிவிட்டது, இப்போது ஐடிலிங்கும் ஏறி ஏறி இறங்குகிறது. "எத்தனாம் நம்பர் ஜெட் போடட்டும், அண்ணா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

நம்பர் சொல்லப்போவதில்லை. உங்கள் கடிதத்திலேயே, ஜெட்டைத் தொட வேண்டாம் என்பதற்கான காரணம் இருக்கிறது. ஜெட் என்பது பித்தளையில் போட்ட ஓர் ஓட்டை. காலையில் என்ன அளவோ, கால் மணி நேரம் கழித்தும் அதே அளவுதான். குளிர்ந்திருக்கும்போது முழு வேகத்தில் நன்றாக இழுத்த வண்டி, சூடானதும் நின்று, ஆறியதும் திரும்ப இழுக்கிறது என்றால், மாறியது ஜெட் இல்லை. வேறு ஏதோ ஒன்று சூட்டில் மாறுகிறது. அதைத் தேடாமல் கார்பரேட்டரையே திரும்பத் திரும்பப் பிரித்ததால், முன்பு இல்லாத ஐடிலிங் தொல்லையும் சேர்ந்துவிட்டது.

டூ-ஸ்ட்ரோக்கில் கார்பரேட்டர் கோளாறும் கரண்ட் கோளாறும் ஒன்றின் வேடத்தை இன்னொன்று போட்டுக்கொண்டு வரும். திணறல், மிஸ்ஸிங், பிளக் கறுப்பது, உதைத்தும் பிடிக்காதது எல்லாம் இரண்டுக்கும் பொது. பலவீனமான கரண்ட்டில் எரியாத பெட்ரோல் பிளக்கை நனைக்கும். பார்ப்பவர் "பெட்ரோல் அதிகம்" என்று ஜெட்டைச் சின்னதாக்குவார். கோளாறு அப்படியே இருக்க, கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் லீன் ஆகிவிடும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: கோளாறு எதன் பின்னால் போகிறது? கார்பரேட்டர் கோளாறு ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதன் பின்னால் போகும். இக்னிஷன் கோளாறு இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதன் பின்னால் போகும். நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வருவது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதன் விளக்கம்.

கார்பரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியோடு வந்த மிக்கூனி விஎம் 20-இல் ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. மூடிய நிலையிலிருந்து கால் பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அதை ஒட்டிய இடத்தில் ஸ்லைடின் அடியில் சரிவாக வெட்டியிருக்கும் பகுதி. கால் பங்கிலிருந்து முக்கால் வரை நீடிலும் அது இறங்கும் குழாயும். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். எல்லை எதுவும் கோடு போட்டதுபோல் இருக்காது, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படிந்துதான் இருக்கும். ஆனாலும் பாதித் திறப்பில் திணறும் வண்டிக்கு மெயின் ஜெட் மாற்றினால் பெரிய பலன் இருக்காது என்பதைப் புரிந்துகொள்ள இது போதும்.

அதனால் முதல் வேலை, கைப்பிடியில் ஒரு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். நாம் "பாதி திறந்தேன்" என்று நினைப்பது பெரும்பாலும் பாதியாக இருப்பதில்லை. பிறகு இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். கியர் எதுவானாலும் அதே கோட்டில் திணறினால் கார்பரேட்டர். கோடு எதுவானாலும் இன்ஜின் சத்தம் ஒரு குறிப்பிட்ட உச்சத்துக்குப் போனதும் திணறினால் இக்னிஷனைச் சந்தேகப்படுங்கள். ரீட் வால்வு இதழ் உடைந்திருந்தாலும் இந்த ஆட்டத்தில் குழப்பம் வரும். அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரிந்துவிடும்: இதழ்கள் உட்காரும் இடத்தில் ஒளிக்கீற்று தெரியக் கூடாது, நுனியில் சில்லு போயிருக்கக் கூடாது.

இக்னிஷன் பக்கம் என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். மேக்னட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுருள் மின்சாரம் தருகிறது. சிடிஐ பெட்டிக்குள் இருக்கும் கப்பாசிட்டரில் அது நூற்றுக்கணக்கான வோல்ட்டாகச் சேருகிறது. பல்ஸர் காயில் "இப்போது" என்று சொன்னதும் அந்தச் சேமிப்பு மொத்தமும் இக்னிஷன் காயிலுக்குள் பாய்ந்து, பல்லாயிரம் வோல்ட்டாகப் பிளக்கில் பொறியாகிறது. உங்கள் இன்ஜின் தன் முழுச் சக்தியைத் தருவது 7,500 ஆர்பிஎம்மில். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. அப்படியானால் நொடிக்கு 125 முறை இந்த நாடகம் நடந்தாக வேண்டும். தளர்ந்துபோன காயில் மெதுவான ஓட்டத்தில் சமாளித்துவிடும், இந்த வேகத்தில் மூச்சு வாங்கும். மெல்லிய செம்புக் கம்பி சூட்டில் விரியும்போது உள்ளே எங்கோ அறுந்திருக்கும் முனைகள் விலகும், கம்பியின்மேல் இருக்கும் பூச்சு தளரும். ஆறியதும் முனைகள் ஒட்டிக்கொள்ளும். உங்கள் வண்டி டீக்கடை நேரத்தில் தானாகக் குணமாவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நான் வண்டியைப் பார்க்கவில்லை, நீங்கள்தான் பார்க்கிறீர்கள். ஆகவே என் ஊகத்தை நம்பிக் காயில் வாங்கப் போகாதீர்கள். வண்டி நிற்கும் அந்த நிமிடம்தான் உங்களுக்குக் கிடைக்கும் தடயம், அதை வீணாக்காமல் வரிசையாகச் சோதியுங்கள்.

நின்றவுடன் முதலில் டாங்க் மூடியைத் திறங்கள். மூடியில் காற்று போகும் சின்ன ஓட்டை மண்ணால் அடைத்திருந்தால், டாங்கினுள் காற்றழுத்தம் குறைந்து பெட்ரோல் இறங்காது. இதுவும் கால் மணி நேரம் ஓடி நிற்கும், கொஞ்சம் பொறுத்தால் மறுபடி ஓடும். காயில் கோளாறுக்கு இரட்டைப் பிறவி. திறக்கும்போது காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டு, உடனே உதைத்ததும் பிடித்துக்கொண்டால் செலவில்லாமல் முடிந்தது. அப்படி இல்லையென்றால் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்துங்கள். பெட்ரோல் தாராளமாக வந்தால் கார்பரேட்டருக்குச் சாப்பாடு கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்து, சூடு ஆறுவதற்குள் பிளக்கில் கரண்ட் பாருங்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்து உதைத்து, "கரண்ட் வருதே" என்று முடித்துவிடுவார்கள். வெளிக்காற்றில் பொறி தாண்டுவது சுலபம். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் அதே இடைவெளியைத் தாண்ட அதைவிட மிக அதிக வோல்ட்டேஜ் வேண்டும். வெளியே நீலமாகத் தெரிந்த பொறி உள்ளே போய் அணைந்துவிடலாம். அதனால் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. காலையில் குளிர்ந்த நிலையில் 6 மி.மீ. இடைவெளியைத் தாண்டுகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், வண்டி நின்றதும் திரும்பப் பாருங்கள். காலையில் தாண்டியது இப்போது தாண்டவில்லையென்றால் கார்பரேட்டருக்கு விடுதலை. இரண்டு எச்சரிக்கை. பிளக்கையோ டெஸ்டரையோ இன்ஜின் உலோகத்தில் நன்றாக எர்த் ஆகும்படி வைக்க வேண்டும். அந்தரத்தில் விட்டு உதைத்தால் காயிலும் சிடிஐயும் கெடும். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், பொறியை அதனருகே வைக்கவே வேண்டாம்.

கரண்ட் இல்லையென்று தெரிந்ததும் சிடிஐ வாங்க ஓடாதீர்கள். விலை குறைந்த இடத்திலிருந்து விலை கூடிய இடத்துக்குப் போங்கள். பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, வயரின் நுனியை ஓர் அரை சென்டிமீட்டர் வெட்டிப் புதிய செம்பில் திரும்பத் திருகுங்கள். ரெசிஸ்டர் உள்ள கேப் என்றால் மீட்டரில் சுமார் 5,000 ஓம் காட்டும். எண் எங்கோ போனால் கேப்பை மாற்றுங்கள். பிறகு சிடிஐயிலிருந்து சாவிக்குப் போகும் நிறுத்தும் வயர். இந்த வகை வண்டிகளில் சாவியை அணைத்தால் அந்த வயர் எர்த் ஆகி இன்ஜின் நிற்கும். மண் டிராக் வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவோம், கில் சுவிட்சுக்குள் ஈரமும் சேறும் போகும், அல்லது வயர் ஹேண்டில் திருப்பத்தில் உரசித் தோல் போயிருக்கும். அந்த ஒரு வயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போது சாவியால் இன்ஜினை நிறுத்த முடியாது; பிரேக்கை அழுத்தி, கியரில் கிளட்சை விட்டு நிறுத்தத் தயாராக இருங்கள்.

அதன் பிறகு மீட்டர். பல்ஸர் காயில், மேக்னட் சுருள், இக்னிஷன் காயிலின் இரண்டு பக்கங்கள் எல்லாவற்றையும் ஆறியிருக்கும்போது ஒருமுறை, நின்றவுடன் ஒருமுறை அளந்து தாளில் எழுதுங்கள். சரியான ஓம் எண்ணை சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள், ஆனால் உங்களுக்கு முக்கியம் வித்தியாசம்தான். செம்பின் மின்தடை ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 50 டிகிரி சூடேறிய சுருள் 20 சதவீதம் கூடுதலாகக் காட்டினால் அது ஆரோக்கியம். மீட்டர் ஒன்றுமே காட்டாமல் போனாலோ, எண் தாவிக்கொண்டே இருந்தாலோ அது நோய். மீட்டரின் பாட்டரி தரும் ஒன்றிரண்டு வோல்ட்டில் எல்லாப் பலவீனமும் வெளியே வராது. எண்கள் சரியாக இருந்தும் கரண்ட் இல்லையென்றால், நண்பரின் ஓடும் வண்டியிலிருந்து காயிலையும் சிடிஐயையும் ஒன்றொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் வழி. மேக்னட்டைக் கழற்றும்போது கிராங்கில் இருக்கும் அந்தச் சின்ன அரைவட்டச் சாவியையும் பாருங்கள். அது நசுங்கி மேக்னட் இம்மி நகர்ந்திருந்தாலும் டைமிங் போய்விடும். கிக்கர் காலைத் திருப்பி அடிப்பதற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

இனி அந்த ஏறி இறங்கும் ஐடிலிங். முன்பே மூன்று பேர் கை வைத்த வண்டி என்பதால், எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது என்று சந்தேகிக்கிறேன். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் சுற்று உடனே இறங்காமல் தொங்கி நின்றால் அது பெரும்பாலும் காற்றுக் கசிவு அல்லது பைலட் சர்க்யூட்டில் பெட்ரோல் குறைவு. கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்திருக்கிறதா பாருங்கள். ஆயில் பம்பை எடுத்தீர்களே, எண்ணெய்க் குழாய் உள்ளே போன துளையை எதால் அடைத்தீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடைத்தது பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் காற்று அங்கிருந்தே போகும். அடுத்து கிராங்க் ஆயில் சீல்கள். இடப்பக்கம், மேக்னட் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும். வலப்பக்கம், கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும். வெள்ளைப் புகை தள்ளும், கியர் ஆயிலின் அளவு குறைந்துகொண்டே வரும்.

இதை உறுதி செய்ய மெடிக்கல் கடையில் கிடைக்கும் ரத்த அழுத்தக் கருவியே போதும். கைக்குக் கட்டும் பட்டையைக் கழற்றிவிடுங்கள். சைலன்சர் துளையையும் மேனிபோல்டையும் ரப்பர் அடைப்பான்களால் மூடி, ஒன்றின் வழியாகக் குழாயைச் செருகி அழுத்துங்கள். அதன் உச்ச அளவான 300 என்பது 6 பிஎஸ்ஐக்குச் சற்றுக் குறைவு. ஒரு டூ-ஸ்ட்ரோக் கிராங்க் கேஸைச் சோதிக்கச் சரியான அழுத்தம். முள் ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் நிம்மதி. இறங்கினால் சோப்பு நுரையைத் தடவுங்கள், எங்கே குமிழி வருகிறதோ அதுதான் எதிரி.

காற்றுக் கசிவுக்கு இவ்வளவு இடம் தருவதற்குக் காரணம் உண்டு. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கலவை லீன் ஆனாலும் சம்ப்பில் இருக்கும் ஆயில் தன் வேலையைப் பார்க்கும். உங்கள் வண்டியில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் போகும் ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும், மூன்றும் சேர்ந்தே வரும். முடிவு சீஸ், பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்வது. நேரான பாதையில் முழு வேகத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொள்வது என்ன என்பதை நீங்கள் அனுபவத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பாதுகாப்புக்கென்று ஆயிலைக் கூடுதலாகக் கலப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது, எரியும் கலவை லீன் பக்கம் நகர்கிறது. லிட்டருக்கு 25 மி.லி. என்றால் 40-க்கு 1. ஒரு விகிதத்தை முடிவு செய்தால் ஜெட் பார்க்கும் காலம் முழுவதும் அதை மாற்றாதீர்கள்.

கரண்ட்டும் சரி, காற்றும் கசியவில்லை என்று ஆன பிறகுதான் கார்பரேட்டர். ஜெட் துளைக்குள் இரும்புக் கம்பி விடக் கூடாது. கிளீனரில் ஊறவைத்து அழுத்தக் காற்றால் ஊதுங்கள். அசல் ஜெட்டுகளையே போடுங்கள். மூட்டையாக விற்கும் டூப்ளிகேட் ஜெட்டுகளில் மேலே அச்சடித்த எண் ஒன்று, உள்ளே துளை வேறு. நீடில் இறங்கும் குழாய் நாள்பட்ட உரசலில் நீள்வட்டமாகித் தேய்ந்திருந்தால் நடு வேகத்தில் எப்போதும் பெட்ரோல் அதிகம் போகும், எந்த ஜெட்டும் அதைச் சரி செய்யாது. ஏர் ஸ்க்ரூவை முழுக்க இறுக்கி ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். ஃபில்டர் பக்கம் இருக்கும் இந்தத் திருகு காற்றை விடுவது. வெளியே எடுத்தால் லீன், உள்ளே திருகினால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். இரண்டரைச் சுற்றுக்கு மேல் எடுத்தால்தான் நன்றாக ஓடுகிறது என்றால் பைலட் ஜெட் பெரியது. அரைச் சுற்றுக்கும் கீழே வந்தால்தான் ஓடுகிறது என்றால் சின்னது.

லீனா, ரிச்சா என்று கேட்க வண்டியிடமே வழி இருக்கிறது. பாதித் திறப்பில் ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் வால்வை மூடுங்கள். கிண்ணம் காலியாகக் காலியாகக் கலவை லீன் ஆகும். நிற்பதற்கு முன் ஒரு கணம் உற்சாகமாக இழுத்தால் அதுவரை ரிச்சாக இருந்தது என்று பொருள். முழு ஆக்சிலரேட்டரில் இதைச் செய்யக் கூடாது. அங்கே சோதனை வேறு: நேர்ப்பாதையில் முழுக்கத் திறந்து ஓட்டி, கைப்பிடியை இம்மி மட்டும் மூடுங்கள். வேகம் கூடினால் மெயின் ஜெட் சின்னது, அடுத்த பெரிய எண்ணுக்குப் போங்கள். எப்போதும் பெரிய ஜெட்டில் தொடங்கி இறங்கி வாருங்கள். சின்னதில் தொடங்கி ஏறுபவர் வழியில் பிஸ்டன் வாங்குவார். கூம்பு ஃபில்டரும் சேம்பரும் போட்ட உங்கள் வண்டிக்குக் கம்பெனி எண் போதாது என்பது மட்டும் உறுதி.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் இ20 அறிமுகமானது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்ததுதான். சுத்தப் பெட்ரோலுக்கு எடையில் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும், இ20-க்கு சுமார் 13.5 போதும். 1985 முதல் 1996 வரை விற்ற ஒரு வண்டிக்கு அன்றைய பெட்ரோலை நினைத்துப் போட்ட ஜெட், இன்றைய பெட்ரோலில் தானாகவே லீன். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்ப வைக்கும். வாரக்கணக்கில் நிறுத்தினால் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். காற்றும் இடத்துக்கு இடம் மாறும். 400 மீட்டர் உயரமுள்ள கோயம்புத்தூரில் சரியாக அமைத்த வண்டியை 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக்குக் கொண்டுபோனால் அங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. வண்டி ரிச்சாகி மூச்சு முட்டும். ஏறும்போது சின்ன ஜெட் போட்டால், இறங்குவதற்கு முன் பெரியதை மாட்டாமல் கிளம்ப வேண்டாம்.

பிளக் வாங்கும்போது ஒரு குறிப்பு. என்ஜிகேயில் எண் கூடினால் குளிர் பிளக். பழைய மெக்கானிக்குகள் இன்னும் மைக்கோ என்று சொல்லும் பாஷில் எண் கூடினால் சூட்டு பிளக். கடைக்காரர் ஒன்றுக்கு ஒன்று மாற்றித் தந்தால் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.

எது செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, எழுதிவையுங்கள். குழம்பில் உப்பையும் புளியையும் சேர்த்தே போட்டுவிட்டு எது தூக்கல் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. உங்கள் வண்டியில் கார்பரேட்டரை மூன்று பேர் பிரித்து, ஜெட்டையும் இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். முடிந்தால் மாற்றுவதற்கு முன் இருந்த ஜெட்டையே திரும்ப மாட்டி, அதிலிருந்து தொடங்குங்கள்.

இந்த வாரம் காசு செலவழிப்பதாக இருந்தால் மீட்டர், ஸ்பார்க் டெஸ்டர், ஓர் இன்டேக் ரப்பர், இரண்டு கிராங்க் சீல் வாங்குங்கள். சூட்டில் டெஸ்டர் என்ன சொன்னது, நான்கு சுருள்களின் எண்கள் ஆறியபோதும் சுட்டபோதும் என்ன, அழுத்தச் சோதனையில் முள் எங்கே நின்றது என்று எழுதுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் நான் இங்கிருந்தே சொல்லிவிடுவேன். உங்கள் ஊர் மெக்கானிக்கும் சொல்லிவிடுவார், அவருக்கு என் கடிதமே தேவைப்படாது. ஐடிலிங் சீராகும்வரை மட்டும் முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்